வாழைப்பழத்தில் எதிர்ப்பொருள்!

அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிறுத்தத்தில் தள்ளுவண்டிக்காரரிடம் ஒரு வாழைப்பழம் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தோலை உரிப்பதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

வாழைப்பழத்தில் பொட்டாசியம் இருப்பது உங்களுக்குத் தெரியும். எந்தப் பொட்டாசியத்தை எடுத்துக்கொண்டாலும் அதில் பத்தாயிரத்தில் ஓர் அணு கதிரியக்கம் உடையது. அதற்குப் பொட்டாசியம்-40 என்று பெயர். ஒரு நடுத்தரப் பழத்தில் இவ்வணுக்கள் வினாடிக்குச் சுமார் 15 வீதம் சிதைந்துகொண்டே இருக்கின்றன. அப்படிச் சிதைபவற்றில் ஏறத்தாழ லட்சத்தில் ஒன்று மட்டும் ஒரு விசித்திரமான துகளை வெளியே தள்ளுகிறது. லட்சத்தைப் பதினைந்தால் வகுத்தால் 6,666 வினாடிகள். அதாவது, இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு துகள். அந்தத் துகளின் பெயர் பாசிட்ரான். அதுதான் எதிர்ப்பொருள்!

பயப்படாமல் பழத்தைச் சாப்பிடுங்கள். உங்கள் உடம்பில் வாழைப்பழத்தில் உள்ளதைப்போல் பல மடங்கு பொட்டாசியம் இருக்கிறது. ஆகையால் இந்த வரியைப் படிக்கும் நீங்களும் எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

எதிர்ப்பொருள் என்றால் என்ன? 1928இல் பால் டிராக் என்ற ஆங்கில விஞ்ஞானி எலெக்ட்ரானின் இயக்கத்தை விளக்க ஒரு சமன்பாட்டை எழுதினார். அதைத் தீர்த்தபோது ஒரு விடைக்குப் பதில் இரண்டு விதமான விடைகள் வந்தன. தேர்வில் இப்படி வந்தால் நாம் ஒன்றை அடித்துவிடுவோம். டிராக் அடிக்கவில்லை. எலெக்ட்ரானின் எடையே கொண்ட, ஆனால் நேர்மின்னூட்டம் உடைய துகள் ஒன்று இருக்க வேண்டும் என்று 1931இல் சொன்னார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் கார்ல் ஆண்டர்சன், விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைப் படம் பிடிக்கையில் அதன் தடத்தைக் கண்டார். காந்தப் புலத்தில் எலெக்ட்ரான் எந்தப் பக்கம் வளையுமோ அதற்கு எதிர்ப்பக்கமாக அது வளைந்திருந்தது!

எலெக்ட்ரானும் பாசிட்ரானும் சந்தித்தால் இரண்டும் மறைந்துவிடும். இரண்டின் நிறையும் ஆற்றலாக மாறிக் காமா கதிர்களாகப் பறந்துவிடும். சாம்பல்கூட மிஞ்சாது. கதாசிரியர்களைக் கவர்ந்தது இதுதான். டான் பிரவுன் எழுதிய ஒரு நாவலில் கால் கிராம் எதிர்ப்பொருளைத் திருடிச் சென்று வாடிகன் நகரை அழிக்கப் பார்க்கிறார்கள். 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடரில் விண்கப்பலே எதிர்ப்பொருளால்தான் ஓடுகிறது. ஐசக் அசிமோவின் ரோபோக்களுக்குப் 'பாசிட்ரான் மூளை'. அவர் எழுதத் தொடங்கிய காலத்தில் பாசிட்ரான் புதிய சொல்லாக இருந்தது, அவ்வளவுதான் காரணம்! மூளை செய்ய அது எந்த வகையிலும் உதவாது.

நாவலின் கணக்கைச் சரிபார்ப்போம். கால் கிராம் எதிர்ப்பொருள் கால் கிராம் சாதாரணப் பொருளோடு சேர்ந்து அழியும். ஆக, அரை கிராம். ஒளியின் வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 45 லட்சம் கோடி ஜூல். மின்சார யூனிட்டில் சொன்னால் ஒன்றேகால் கோடி யூனிட்! மாதம் 200 யூனிட் செலவழிக்கும் ஐயாயிரம் வீடுகள் ஓராண்டு முழுவதும் விளக்கெரிக்கலாம். கதை பொய் சொல்லவில்லை.

அந்தக் கால் கிராம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், அங்கேதான் கதை இடிக்கும். நிலக்கரிக்கு நெய்வேலி இருக்கிறது. எதிர்ப்பொருளுக்குச் சுரங்கம் கிடையாது. ஒவ்வொரு துகளாக உண்டாக்க வேண்டும். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் வேகமூட்டிய புரோட்டான்களை உலோகத்தின்மீது மோதவிட்டு எதிர்ப்புரோட்டான்களைப் பிரித்தெடுக்கிறார்கள். மோதுபவை மிகப் பல, கைக்கு அகப்படுபவை மிகச் சில. இதுவரை அங்கே உண்டான எதிர்ப்பொருள் முழுவதையும் ஒன்றுசேர்த்து அழித்தாலும் ஒரு மின்விளக்குச் சில நிமிடங்கள் எரியும் என்று அவர்களே கணக்குச் சொல்கிறார்கள். செலவழித்த மின்சாரமோ அதைப்போல் பல கோடி மடங்கு. பத்து ரூபாய் போட்டு ஒரு பைசா எடுப்பதைவிட மோசமான வியாபாரம்! எரிபொருள் என்ற ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

எதிர்ப்பொருள் கீழே விழாது, மேலே எழும்பும் என்று எழுதியவர்களும் உண்டு. 2023இல் செர்ன் விஞ்ஞானிகள் எதிர் ஹைட்ரஜன் அணுக்களைக் காந்தப் பொறியிலிருந்து மெல்ல விடுவித்துப் பார்த்தார்கள். மற்றப் பொருள்களைப் போலவே அவையும் கீழ்நோக்கித்தான் விழுந்தன.

இந்தத் துறையில் நம் நாட்டவர் ஒருவரின் பெயர் நிலைத்திருக்கிறது. 1935இல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹோமி பாபாவுக்கு வயது 26. எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறினால் எந்தக் கோணத்தில் எத்தனை போகும் என்று அவர் கணக்கிட்டார். மோதும் இரண்டும் ஒரு கணம் அழிந்து மறுபடி ஒரு ஜோடியாகப் பிறக்கவும் கூடும். அந்த வாய்ப்பையும் சேர்த்தால்தான் விடை சரியாக வரும் என்பது அவர் காட்டிய நுட்பம். இன்று உலகெங்கும் அதைப் 'பாபா சிதறல்' என்கிறார்கள். செர்னில் 1989 முதல் 2000 வரை இயங்கிய 27 கிலோமீட்டர் வளையத்தில், எத்தனை மோதல்கள் நடக்கின்றன என்று அளக்கும் அளவுகோலே அதுதான்.

ஆற்றலுக்கு உதவாத பாசிட்ரான், உளவு பார்க்க நன்றாக உதவும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உங்கள் உறவினர் யாராவது வேலை பார்த்தால் கேட்டுப் பாருங்கள். வார்ப்பில் 'புளோ ஹோல்' விழுந்தால் அந்த வார்ப்பையே ஒதுக்கிவிடுவார்கள். அது கண்ணால் காணக்கூடிய குழி. ஒரே ஓர் அணு இல்லாததால் ஏற்படும் குழியை எப்படிக் காண்பது? கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் உலோகத்துக்குள் பாசிட்ரான்களை அனுப்பிப் பார்க்கிறார்கள். குறையில்லாத அலுமினியத்தில் பாசிட்ரான் ஒரு வினாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் சுமார் 160 பங்கு நேரம் வாழும். அணு இல்லாத வெற்றிடத்தில் சிக்கினால், மோத எலெக்ட்ரான்கள் குறைவு. ஆகவே 240 பங்கு வரை தாக்குப்பிடிக்கும். ஆயுளை அளந்தால் குழி இருப்பது தெரிந்துவிடும்!

சென்ற ஆண்டு ஆவடியில் இருக்கும் என் அத்தைக்குப் 'பெட் ஸ்கேன்' எடுத்தார்கள். புற்றுநோய் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. காலை ஏழு மணிக்கே போய்விட்டோம். மருந்து இன்னும் வரவில்லை என்றார்கள். அத்தைக்கு ஒரே கோபம். "மருந்தை முந்தின நாளே வாங்கி வைக்கக் கூடாதா?" என்று என்னைக் கேட்டார்.

கூடாது, அத்தை! அந்த மருந்து புளோரின்-18 சேர்த்த சர்க்கரை. அதைச் சைக்ளோட்ரான் என்ற எந்திரத்தில்தான் உண்டாக்க முடியும். நம் நாட்டில் மருத்துவத்துக்கென்று முதல் சைக்ளோட்ரான் 2002இல் மும்பையில் வந்தது. புளோரின்-18இன் அரை ஆயுள் 110 நிமிடம். மருந்து வண்டி பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசலில் அவ்வளவு நேரம் நின்றுவிட்டால் பாதி மருந்து வழியிலேயே போய்விடும்.

ஊசி போட்டு ஒரு மணி நேரம் அத்தையை அசையாமல் படுக்க வைத்தார்கள். வேகமாக வளரும் புற்றுச் செல்களுக்குச் சர்க்கரைப் பசி அதிகம். மருந்து அங்கே போய்ச் சேரும். ஒவ்வொரு புளோரின் அணுவும் ஒரு பாசிட்ரானை விடும். அது ஓரிரு மில்லிமீட்டருக்குள் ஓர் எலெக்ட்ரானைச் சந்தித்து மறையும். இரண்டு காமா கதிர்கள் நேர் எதிர்த்திசைகளில் புறப்படும். சுற்றியிருக்கும் வளையத்தில் இரண்டும் ஒரே சமயத்தில் பட்டால், அந்த இரு புள்ளிகளையும் இணைக்கும் கோட்டில்தான் எங்கோ அது நடந்திருக்க வேண்டும். இப்படிப் பல லட்சம் கோடுகள். அவை நெருங்கி வெட்டிக்கொள்ளும் இடம் படத்தில் ஒளிரும்.

அத்தையின் படத்தில் மூளை ஒளிர்ந்தது. அது எப்போதும் சர்க்கரை தின்னும் உறுப்பு, அதனால் கவலையில்லை. பழைய இடத்தைத் தவிர வேறெங்கும் ஒளி இல்லை என்றார் மருத்துவர். அன்று இரவு வரை கைக்குழந்தையைத் தூக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

"நாளைக்காவது பேரனைத் தூக்கலாமா?" என்று வண்டியில் வரும்போது அத்தை கேட்டார். ஒரு நாளில் 110 நிமிடங்கள் 13 தடவை வரும். பாதியில் பாதியாகப் பதின்மூன்று தடவை குறைத்தால் 8,192இல் ஒரு பங்குதான் மிஞ்சும். தாராளமாகத் தூக்கலாம் என்றேன்.