அடைக்கலம் தேடும் அபலைகள்

ஊரை விட்டு வந்தவர்கள் நாமும்தான். ஆயினும் நம் கையில் உத்தியோக உத்தரவு இருந்தது. இறங்கிய நிலையத்தில் சங்கத்து அன்பர் ஒருவர் காத்து நின்றார். இவை ஏதுமின்றி எல்லை கடக்கும் பெண்ணின் கதி யாது?

2017 ஆகஸ்டில், மியான்மர் இராணுவத்தின் கொடுமைக்கு அஞ்சி ரோஹிங்கியா மக்கள் வங்காள தேசத்துக்கு ஓடிவரலாயினர். சில மாதங்களில் அவர்கள் தொகை 7 லட்சத்தைக் கடந்தது. பலாத்காரத்துக்கு ஆளாகி வந்த பெண்கள் பலர். காக்ஸ் பஜார் முகாமை அடைந்ததும் ஆபத்து நீங்கிற்று என்று எண்ணினால் அது பிழை. மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு அமைத்த குடிலுக்குத் தாழ்ப்பாள் ஏது? கழிப்பிடமோ தொலைவில், இருளில். இரவில் அங்கே செல்ல அஞ்சி, மாலைக்குப் பின் தண்ணீரும் அருந்தாதிருந்த பெண்கள் உண்டு!

அதனினும் கொடியது தரகனின் இன்சொல். அகதிகள் முகாமுக்கு வெளியே வேலை பார்க்க அரசு இடந்தரவில்லை. பட்டணத்தில் வீட்டு வேலை என்றும், மலேசியாவில் மாப்பிள்ளை என்றும் அவன் ஆசை காட்டுகையில், கணவனை இழந்த தாய் மகளை அனுப்பிவிடுகிறாள். ஏமாந்த பெண் காவல் நிலையத்தை அணுகவும் துணியாள். அனுமதியின்றி வெளியேறியவள் அல்லவா? தரகன் இதனை நன்கறிவான்.

நம் நாட்டு ரயில்களிலும் இவ்விதம் அழைத்து வரப்படுவோர் உண்டு. பாஷை தெரியாமல் மிரளும் சிறுமியின் பயணச்சீட்டு அந்நியன் ஒருவன் சட்டைப்பையில் இருக்கக் கண்டால், அன்பர்கள் 139 என்ற ரயில்வே எண்ணுக்கோ, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ உடனே தெரிவிக்கலாம்.