ரோடு வேறு, ரேஸ் வேறு

2023 செப்டம்பர் 17. காஞ்சிபுரத்தை அடுத்து, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் யூடியூபர் டி.டி.எஃப். வாசனின் பைக் கவிழ்ந்தது. முன்சக்கரத்தைத் தூக்கி வீலிங் செய்ய முயன்றார் என்பது போலீஸ் வழக்கு. கை எலும்பு முறிந்தாலும் உயிர் தப்பினார்.

கைதான அவரது ஜாமீன் மனு உயர் நீதிமன்றம் வந்தபோது அரசுத் தரப்பு சொன்ன கணக்கு: பைக் விலை சுமார் 20 லட்சம், பாதுகாப்பு உடை 3 லட்சம். வீடியோவைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் பைக் கேட்டு அடம்பிடிக்கும் பையனுக்கு அந்த உடை ஏது? அப்போது ஜாமீன் மறுக்கப்பட்டது; நவம்பரில் கிடைத்தது. ஓட்டுநர் உரிமமோ 10 ஆண்டுகளுக்கு ரத்து.

திண்டுக்கல்காரர்களுக்கு இது எங்கோ நடந்த கதை அல்ல. தைப்பூச நாட்களில் பழனி சாலையோரம் பாதயாத்திரை பக்தர்கள் இரவிலும் சாரிசாரியாக நடக்கிறார்கள். அங்கே ஒரு பைக்கின் முன்சக்கரம் மேலெழுந்தால் என்ன ஆகும்?

இதில் கெட்டுப்போவது நிஜமான ரேஸின் பெயரும்தான். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அங்கே பந்தயத்தில் இறங்க தனி உரிமம் வேண்டும். சிவப்புக் கொடி காட்டினால் எவ்வளவு பெரிய வீரரும் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். நம் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய முகம் அது.

பெற்றோருக்கும் ஒரு சேதி: 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கு 3 ஆண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமுண்டு.