கடல் கடந்து வந்த மருமகள்

கொரிய நாட்டின் தென்கோடியில், பூசான் துறைமுகத்துக்கு அண்மையில், கிம்ஹே என்ற பழம்பதி ஒன்று இருக்கிறது. அங்கே பசும்புல் போர்த்த இரண்டு பெரிய மண்மேடுகளை இன்றும் காணலாம். ஒன்று பண்டைய காயா நாட்டை ஆண்ட சூரோ மன்னனுடைய சமாதி. சற்றுத் தொலைவில் உள்ள மற்றொன்று அவனுடைய பட்டத்தரசி ஹோ ஹ்வாங்-ஓக் என்பவளுடையது. இவ்வரசி கி.பி. 48-ஆம் ஆண்டில் அயுதா என்னும் தூர தேசத்திலிருந்து கப்பலேறி வந்த ராஜகுமாரி என்று 'சாம்குக் யூசா' என்ற பழைய நூல் கூறுகிறது. அதனைத் தொகுத்தவர் இர்யோன் என்னும் பௌத்தத் துறவி. காலம் 13-ஆம் நூற்றாண்டு. சொல்லப்படும் நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே ஏறக்குறைய 1,200 ஆண்டுகள் கழிந்துவிட்டமையால், சரித்திர ஆராய்ச்சியாளர் இதனைக் கர்ணபரம்பரைக் கதையாகவே கொள்ளுகின்றனர். அயுதா என்பது நம் அயோத்தியே என்பது ஒரு சாரார் கொள்கை. தென்னாட்டுக் கடற்கரையைச் சுட்டுவோரும் உளர். எவ்வாறாயினும், 2001-ஆம் ஆண்டில் அயோத்தியில் அவ்வரசிக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. தம்மை அவ்விருவருடைய வழித்தோன்றல்களாகக் கருதும் கிம்ஹே கிம் குலத்தவர் இன்று 40 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள்.

அக்கதையில் நம் கருத்தைக் கவரும் கட்டம் ஒன்று உண்டு. கப்பல் கரையை அணுகியதும், அரசன் அனுப்பிய பெரியோர் ராஜகுமாரியை அரண்மனைக்கு அழைத்துச் செல்ல முற்பட்டனர். முன்பின் அறியாதவர்களைப் பின்தொடர்ந்து செல்வது தகுமோ என்று அவள் மறுத்துவிட்டாள். இதனைக் கேட்ட மன்னன் சினங்கொள்ளவில்லை. அவள் கூறியது முறையே எனக் கண்டு, தானே அரண்மனையை விட்டுப் புறப்பட்டான். மலையடிவாரத்தில் கூடாரம் அமைத்து, அவள் வரவுக்காகக் காத்திருந்தான். பிற்காலத்து மரபு இன்னும் ஒரு செய்தியைச் சேர்த்துக் கூறும். அவர்களுடைய மைந்தருள் இருவர் தாயின் குலப்பெயராகிய 'ஹோ' என்பதையே தாங்கினர் என்பது அது. இக்காரணத்தால் கிம்ஹே கிம் குலத்தாரும் ஹோ குலத்தாரும் ஒருவரையொருவர் உடன்பிறந்தாராகக் கருதி, தம்முள் மணம் செய்துகொள்ளாமை வழக்கம்.

கடல் கடந்து வந்தவள் ஒரு பாதி வழி வந்தாள். எதிர்கொண்டவன் மறுபாதி வழி நடந்தான். கொரியருக்கும் அயல்நாட்டாருக்கும் இடையே நிகழ்ந்துள்ள மணங்களை அளந்து பார்க்க இதனைவிடச் சிறந்த அளவுகோல் நமக்குக் கிடைப்பது அரிது.

முதலில் கொரியக் குடும்பத்தின் அமைப்பை அறிந்துகொள்ளுதல் நலம். அங்கே ஒவ்வொருவருக்கும் குலப்பெயரோடு, அக்குலம் தோன்றிய மூலஸ்தானமும் உண்டு. இரண்டும் ஒன்றாக இருப்போர் மணம் செய்துகொள்ளலாகாது என்பது நெடுங்கால விதி. நம் நாட்டில் ஒரே கோத்திரத்தாருக்குள்ள விலக்கை இது நினைவூட்டும். 1997-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் இவ்விதி அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று தீர்ப்பளித்தது. 2005-இல் அது சட்டப் புத்தகத்திலிருந்தும் நீங்கிற்று. மணமான பெண் தன் தந்தையின் குலப்பெயரை மாற்றிக்கொள்வதில்லை. ஆயினும் பிள்ளைகள் கணவனுடைய குலத்துக்கே உரியர் என்பது மரபு. தலைமகன் பெற்றோரைப் பேணி, மூதாதையர்க்குரிய சடங்குகளைக் குறைவின்றிச் செய்தல் வேண்டும். சடங்குக்கு வேண்டிய உணவு வகைகளை ஆக்கிப் படைக்கும் பொறுப்பு மருமகளுடையது. இத்தகைய வீட்டில் மருமகளாவது உள்நாட்டுப் பெண்ணுக்கே எளிதன்று. இதனோடு, கொரியர் யாவரும் ஒரே இரத்தத்தினர் என்னும் எண்ணமும் 20-ஆம் நூற்றாண்டில் வேரூன்றிற்று. அந்நியராட்சியில் தம் இனம் அழியாதிருக்க அவர்கள் எழுப்பிக்கொண்ட அரண் அது. பின்னர், வெளியிலிருந்து வந்தோரைத் தடுக்கும் மதிலாகவும் அதுவே ஆயிற்று.

ஆனால் சரித்திரம் வேறு கதை சொல்லுகிறது. கோர்யோ வமிசத்து இளவரசன் ஒருவன், பின்னாளில் சுங்நியோல் எனப் பெயர் பெற்றவன், 1274-ஆம் ஆண்டில் குப்லாய் கானின் மகளை மணந்தான். அதன்பின் பல தலைமுறைகளுக்குக் கோர்யோ மன்னர் மங்கோலிய ராஜகுமாரிகளையே மணந்தனர். அவை அடங்கிய நாடு வல்லரசுக்குக் காட்டிய பணிவின் அடையாளங்கள். எனினும் அரசியல் மணத்திலும் அன்பு மலர்வதுண்டு. கோங்மின் மன்னனுடைய மங்கோலிய அரசி 1365-இல் பிள்ளைப்பேற்றின்போது இறந்தாள்; அத்துயரிலிருந்து அவன் மீளவேயில்லை என்பர். 1627-இல் கொரியக் கரையில் பிடிபட்ட வெல்தெவ்ரே என்னும் டச்சு மாலுமி நாடு திரும்ப அனுமதி பெறவில்லை. அவர் பாக் யோன் என்ற கொரியப் பெயர் பூண்டு, அரசனுடைய படையில் பணியாற்றி, கொரியப் பெண்ணை மணந்து, ஒரு மகனுக்கும் ஒரு மகளுக்கும் தந்தையானார்.

1910 முதல் 1945 வரை கொரியாவை ஜப்பான் ஆண்டது. இரு நாட்டாரும் கலந்து மணப்பதை ஆட்சியாளர் தம் கொள்கைக்குத் துணையாகக் கொண்டனர். கொரியப் பட்டத்து இளவரசர் யி உன், 1920-இல் ஜப்பானிய அரச குடும்பத்துப் பெண்ணை மணந்ததும் அக்கொள்கையின் விளைவே. ஆனால் அப்பெண்மணி, ஆட்சி போய் அரசுரிமையும் போன பின்னர், 1963-இல் கணவரோடு கொரியா சேர்ந்தார். உடற்குறையுள்ள குழந்தைகளின் கல்விக்குத் தொண்டு செய்தே வாழ்ந்து, 1989-இல் சியோல் நகரிலேயே கண்மூடினார். கட்டளையால் பிறந்த மணம், தொண்டினால் உண்மை உறவாயிற்று.

இதற்கு மாறான கதை ஓவியர் லீ ஜுங்-ஸோப் என்பாருடையது. ஜப்பானில் கலை பயின்றபோது அறிமுகமான யமமோட்டோ மசாகோ என்ற பெண்ணை அவர் 1945-இல் வொன்ஸான் நகரில் மணந்தார். அவ்வாண்டே ஜப்பானிய ஆட்சி முடிந்தது. 1950-இல் யுத்தம் மூண்டதும், மனைவியோடும் இரு ஆண் குழந்தைகளோடும் அவர் தெற்கே அகதியாக வந்தார். வறுமை தாங்காமல் 1952-இல் மனைவி குழந்தைகளுடன் ஜப்பான் சென்றார். இரு நாடுகளுக்கும் இடையே தூதுறவு இல்லாத காலம் அது. 1953-இல் சில நாட்களே அவர்களைக் காணும் பேறு ஓவியருக்கு வாய்த்தது. காகிதம் வாங்கவும் காசின்றி, சிகரெட்டுப் பெட்டியின் ஈயத்தாளில் பிள்ளைகளின் உருவங்களைக் கீறினார். படங்கள் நிறைந்த கடிதங்களை எழுதி அனுப்பினார். 1956-இல், தம் 40-ஆம் வயதில், சியோலில் தனிமையில் உயிர் நீத்தார். அக்குடும்பத்தில் அன்புக்குக் குறைவில்லை. இரு அரசாங்கங்களுக்கு இடையே வழி மூடியிருந்ததே குறை.

யுத்தத்தின் விளைவாக வேறு வகை மணங்களும் தோன்றின. கொரியாவில் தங்கிய அமெரிக்கச் சிப்பாய்களை மணந்து, 1950-க்கும் 1989-க்கும் இடையே ஏறக்குறைய 1,00,000 கொரியப் பெண்கள் அமெரிக்கா சென்றனர். பிறந்த மண்ணில் அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் இகழ்ச்சியே. தந்தை கைவிட்டுச் சென்ற கலப்பினக் குழந்தைகளின் நிலை அதனினும் கொடியது. குடியுரிமைச் சட்டம் தந்தை வழியையே நோக்கிற்று. கொரிய ஆடவனை மணந்த அந்நியப் பெண் உடனே கொரியப் பிரஜையானாள். அந்நியனை மணந்த கொரியப் பெண்ணின் பிள்ளைக்கோ அவ்வுரிமை இல்லை. நாவலாசிரியை பேர்ல் பக் 1967-இல் பூச்சோன் நகரில் இத்தகைய பிள்ளைகளுக்காக ஒரு நிலையம் நிறுவினார். தாய் வழியாகவும் குடியுரிமை உண்டு என்னும் திருத்தம் 1998-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இவ்விடத்தில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுதல் பொருந்தும். ஹைன்ஸ் வார்டு என்பவர் 1976-இல் சியோலில் பிறந்தவர். தாய் கொரியப் பெண்மணி. தந்தை கறுப்பின அமெரிக்கச் சிப்பாய். குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்கா சென்ற அவர், தாயின் கடின உழைப்பால் வளர்ந்து, அந்நாட்டுக் கால்பந்தாட்டத்தில் பெரும்புகழ் பெற்றார். 2006-இல் தாயோடு அவர் சியோலுக்கு வந்தபோது, நாடே திரண்டு வரவேற்றது. அம்மேளதாளத்தினிடையே, புகழ் பெறாத கலப்பினப் பிள்ளைகளின் கதி என்ன என்னும் வினாவும் எழுந்தது. தோற்றத்தில் வேறுபட்ட இளைஞர் அதுகாறும் ராணுவ சேவைக்கு அழைக்கப்பட்டதில்லை. சட்டம் திருத்தப்பட்டு, 2011 முதல் அவர்களும் மற்றவரைப் போலவே அழைக்கப்படலாயினர். எல்லோரும் சுமக்கும் பாரத்தில் பங்கு கொடுப்பதும் ஒருவகை வரவேற்பன்றோ!

இனி இக்காலத்துக்கு வருவோம். கைத்தொழில் வளர வளர, கொரியக் கிராமங்களிலிருந்து இளம்பெண்கள் நகரங்களுக்குச் சென்றனர். நிலத்தையும் முதிய பெற்றோரையும் விட்டு நகர முடியாத ஆடவர் மணமகளின்றித் தங்கினர். 1992-இல் சீனத்தோடு தூதுறவு ஏற்பட்டதும், அங்கே வாழும் கொரிய வமிசத்துப் பெண்கள் மணமகளாக வந்தனர். அவர்களைத் தொடர்ந்து வியத்நாம், பிலிப்பைன்ஸ், கம்போடியா முதலிய நாட்டுப் பெண்களும் வரலாயினர். 2005-ஆம் ஆண்டில் அயல்நாட்டாரோடு நிகழ்ந்த மணங்கள் 42,000-க்கு மேற்பட்டன. நாட்டில் நடந்த மொத்த மணங்களில் அவை நூற்றுக்கு 13 பங்கு. அவ்வாண்டில் மணம் புரிந்த குடியானவருள் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் அயல்நாட்டுப் பெண்களையே மணந்தனர்.

இவற்றுள் பல தரகர் வழியாக முடிந்தவை. பணம் செலுத்திய ஆடவன் விமானமேறிச் செல்வான். ஒரு சில நாட்களுக்குள் பெண்ணைக் கண்டு, தேர்ந்து, மணமும் முடித்துத் திரும்புவான். இருவருக்கும் பொதுமொழி இராது. அவனுடைய வருமானம், உடல்நிலை, பழைய குற்றங்கள் ஆகியவற்றைப் பெண் அறியாள். 2010-ஆம் ஆண்டில், வியத்நாமிலிருந்து பூசானுக்கு வந்து எட்டே நாட்கள் ஆன இளம்பெண் ஒருத்தியை, மனநோயுற்றிருந்த அவள் கணவன் கொன்றுவிட்டான். அந்நோயை அவளுக்கு எவரும் உரைத்திலர். இக்கொடுமை இரு நாடுகளையும் உலுக்கிற்று. அதன்பின், மணமகனுடைய உடல்நிலை, குற்றப் பதிவு முதலியவற்றைப் பெண்ணின் மொழியிலேயே எழுதிக் கொடுத்தல் தரகர் கடமையாயிற்று. சில நாடுகளில் பெண் தேடுவோர் முன்னதாகப் பாடவகுப்பில் அமர்தல் வேண்டும் என்றும், தம்பதிகள் பேசிக்கொள்ள ஒரு மொழி இருத்தல் வேண்டும் என்றும் விதிகள் வந்தன. முன்பின் அறியாதவரோடு எப்படிச் செல்வது என்று கேட்ட பண்டைய ராஜகுமாரியின் வினாவுக்குச் சட்டம் காலங்கடந்து அளித்த விடை இது.

2008-இல் கலப்புக் குடும்பங்களின் நலனுக்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நாடெங்கும் உதவி நிலையங்கள் அமைந்தன. அங்கே கொரிய மொழி கற்பிக்கிறார்கள்; குடும்பச் சச்சரவுகளுக்கு ஆலோசனை கூறுகிறார்கள்; பிள்ளைகளின் படிப்புக்குத் துணை செய்கிறார்கள். இவை பாராட்டுக்குரியவை. ஆயினும் நெடுங்காலம் அங்கே மருமகளே மாணவியாக இருந்தாள். கிம்ச்சி ஊறவைக்கவும், மாமியார்க்குரிய மரியாதைச் சொற்களைப் பிழையின்றிக் கூறவும், சடங்குப் படையலை முறைப்படி அடுக்கவும் அவள் கற்றாள். அவளுடைய தாய்மொழியில் நாலு வார்த்தை கற்க வேண்டும் என்று கணவனுக்கோ மாமியார்க்கோ தோன்றவில்லை. குழந்தையோடு தாய் தன் மொழியில் பேசுவதையும் தடுத்த வீடுகள் உண்டு. அக்கொரியத்தில் அவள் தட்டுத்தடுமாறிப் பேச, குழந்தையும் பேச்சில் பின்தங்கிற்று. தாயின் மொழியும் வீட்டுக்குச் செல்வமே என்பதை உணர்ந்து, இரு மொழிகளையும் வளர்க்கும் முயற்சியை நிலையங்கள் பின்னர் மேற்கொண்டன.

பிலிப்பைன்ஸில் பிறந்து கொரியரை மணந்த ஜாஸ்மின் லீ என்ற பெண்மணி 2012-இல் தேசிய சட்டசபை அங்கத்தினரானார். குடிபுகுந்தோருள் இவ்வாறு சட்டசபையில் இடம் பெற்றவர் அவருக்கு முன் இல்லை. வாழ்த்துக்களோடு வசைமொழிகளும் அவரைச் சூழ்ந்தன. மதில் ஒரே நாளில் சரிவதில்லை என்பதற்கு இது சான்று. 2023-ஆம் ஆண்டில் கொரியாவில் நிகழ்ந்த மணங்களுள் ஏறத்தாழ பத்தில் ஒன்று அயல்நாட்டாரோடு நிகழ்ந்ததே. இனி இது விதிவிலக்கன்று. அந்நாட்டு வாழ்க்கையின் ஓர் அங்கம்.

நம் நாட்டிலும் மொழி விட்டு மொழியும், மாகாணம் விட்டு மாகாணமும் மணம் கொள்வோர் பெருகி வருகின்றனர். அவ்வீடுகளிலும் எழும் கேள்வி ஒன்றே: மாற வேண்டியவர் யார்? வந்தவளே முழுதும் மாறட்டும் என்னும் வீட்டில் அவள் என்றும் விருந்தாளியாகவே இருப்பாள். சில வீடுகளில் பணியாளாகவும் ஆகிவிடுவாள். கிம்ஹேயின் பழங்கதை மெய்யோ புனைவோ, அதனைப் போற்றி வந்த மக்கள் அதற்கான விடையையும் கூடவே காத்து வந்திருக்கிறார்கள். மன்னன் அரண்மனையிலேயே அமர்ந்திருக்கவில்லை. மலையடிவாரம்வரை இறங்கி வந்தான். இரு மைந்தர் தாயின் பெயரைத் தாங்கினர். அவ்வளவு இடம் கொடுக்கப்பட்ட பின்னரே, கடல் கடந்து வந்தவள் ஒரு பெருங்குலத்துக்குத் தாயானாள்.