ஏறின கியர்லதான் இறங்கணும்: மலைக்குக் கிளம்பும் டெல்டா ஓட்டுநர்களுக்கு

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் கார் ஓட்டிப் பழகியவரா நீங்க? அப்படியானால் உங்கள் காலுக்குத் தெரிந்த பெரிய ஏற்றமே ரயில்வே மேம்பாலம்தான். இல்லாவிட்டால் ஆற்றங்கரைக்கு ஏறும் மண் சரிவு. கல்லணையில் தொடங்கி கடற்கரை வரைக்கும் நம்ம ஊர் தட்டையான வயல்வெளி.

விடுமுறை வந்தால் நாம் கிளம்புவது கொடைக்கானலுக்கோ கொல்லிமலைக்கோதான். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மலைக்குப் புதியவர்கள் ஏற்றத்தைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். ஆனால் அதிகக் கவனம் தேவைப்படுவது இறக்கத்தில்தான்.

பிரேக் ஏன் சூடாகிறது?

ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார், கொடைக்கானலிலிருந்து அடிவாரத்துக்குச் சுமார் 1,800 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல், சுமார் 90 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பகுதி டயர் உராய்விலும் காற்றின் எதிர்ப்பிலும் போய்விடும். மீதியை யாராவது தாங்கியாக வேண்டும்: ஒன்று பிரேக், இல்லாவிட்டால் இன்ஜின்.

பிரேக்கையே தொடர்ந்து மிதித்தால் அது சூடேறி, பிடிப்புக் குறையும். கருகல் வாடை வரும், பெடல் மெத்தென்று உள்ளே போகும். அதனால்தான் அனுபவமுள்ள ஓட்டுநர்கள் "ஏறின கியர்லதான் இறங்கணும்" என்று சொல்வார்கள். இரண்டாவது கியரில் ஏறிய சரிவா? இறங்கும்போதும் இரண்டாவதுதான். கியரில் இருக்கும்போது இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். வேகம் கூடினால் மட்டும் பிரேக்கை அழுத்தி, வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் 'எல்' அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவது ஆபத்து. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது அதைவிட ஆபத்து. பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் கைவிட்டுவிடும்.

கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, பிரேக் தானாக ஆறும் வரை காத்திருங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் வெடிப்பு விடலாம்.

குறுகலான மலைச் சாலையில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால், மேலே ஏறி வரும் வண்டிக்கே முதல் உரிமை. இறங்குபவர்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

குரூஸ் கன்ட்ரோல் எங்கே, எப்போது?

திருச்சி - தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் போக்குவரத்து குறைவாக இருக்கும்போது குரூஸ் கன்ட்ரோல் வசதிதான். மலை ஆரம்பித்ததும் அதை அணைத்துவிடுங்கள். நீங்கள் வைத்த வேகத்தைக் காப்பாற்றுவது மட்டும்தான் அதன் வேலை. வளைவு வருவது அதற்குத் தெரியாது. சாதாரண குரூஸ் கன்ட்ரோல் பிரேக் போடாது, அதனால் இறக்கத்தில் வேகம் கூடிக்கொண்டே போகலாம். முன்னால் போகும் வண்டியைப் பார்த்து ஓடும் நவீன வகையும், கூர்மையான வளைவில் அந்த வண்டியைத் தவறவிட்டு வேகமெடுக்கலாம்.

சில எஸ்யூவி வண்டிகளில் உள்ள 'ஹில் டிசென்ட் கன்ட்ரோல்' வேறு வசதி. அது தானாகவே பிரேக்கை இயக்கி, செங்குத்தான சரிவில் மெதுவாக இறக்கும்.

நம்ம ஊரிலும் மழை பெய்யும்போது குரூஸ் வேண்டாம். அறுவடைக் காலத்தில் கிராமச் சாலைகளிலும் வேண்டாம். சாலையில் நெல் காயும், வைக்கோல் கிடக்கும், அறுவடை இயந்திரம் திடீரென்று குறுக்கே வரும். கால் பிரேக்குக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

மண் சரிவில் நேராகத்தான்

ஆற்றங்கரையில் நெல் மூட்டையோடு ஏறும் டிராக்டரைக் கவனித்திருப்பீர்கள். நேராகத்தான் ஏற்றுவார்கள். சரிவுக்குக் குறுக்கே போனால் எடை ஒரு பக்கம் சாய்ந்து கவிழ்ந்துவிடும். உங்கள் ஜீப்புக்கும் இதே விதிதான். ஏறும் முன் இறங்கி நடந்து பாருங்கள்: உச்சிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? களிமண் ஈரமாக இருக்கிறதா? பாதியில் வண்டி திணறினால் திருப்ப முயலாதீர்கள். ரிவர்ஸ் கியரில், கிளட்சை மிதிக்காமல், வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறக்குங்கள்.

வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுப் பாதையில் வண்டியை இறக்கவே கூடாது.

கிளம்பும் முன் மொபைலில்

• கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் தேவை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் உள்ளது. இ-பாஸ் இணையதளத்தில் வண்டி எண், பயண நாள், ஆட்களின் எண்ணிக்கையைக் கொடுத்து முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

• ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. இரண்டையும் டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகன் செயலியில் சேமித்துக்கொள்ளுங்கள்.

• அவசர மருத்துவ உதவிக்கு 108. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033.

• பிரேக் பேடு, பிரேக் ஆயில், டயர் மூன்றையும் ஊரிலேயே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். முதல் வளைவுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.