நேரலை

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூர், பின்னலாடையால் உலகப் புகழ் பெற்ற நகரமாகும். அதனை அடுத்த திருமுருகன்பூண்டியில் பின்னலாடைக் கண்காட்சிகள் நடைபெறுவதுண்டு. கடல் கடந்த நாட்டு வணிகர் அனைவரும் நேரில் வந்து காண்டல் அரிது. நிகழ்ச்சியை நிகழும்போதே தொலைவிலுள்ளோர்க்குக் காட்டும் நேரலை இக்குறையைப் போக்க வல்லது.

ஆனால், நேரலையில் நேர்ந்த பிழையைத் திருத்திக் காட்ட இயலாது. 2019 செப்டம்பர் 7 அன்று, நிலவில் இறங்க முயன்ற விக்ரம் கலத்தின் தொடர்பு அறுந்ததை மக்கள் அப்பொழுதே கண்டனர். 2023 ஆகஸ்டு 23 அன்று கிட்டிய வெற்றியையும் அவ்வாறே கண்டனர். ஆதலின் முன்னேற்பாடே நேரலைக்கு உயிர்நாடியாகும்.

முதற்கண் காலத்தை ஆராய்தல் வேண்டும். திருப்பூரில் மாலை 6.30 மணியாகும்போது, குளிர்காலத்து இலண்டனில் பிற்பகல் 1 மணி. நியூயார்க்கில் காலை 8 மணி. காண்போர்க்கு ஏற்ற பொழுதே தக்க பொழுது. அடுத்தது இணையம். காட்சியை அனுப்ப நொடிக்கு 6 மெகாபிட் வேண்டுமெனின், 12 மெகாபிட் செல்லும் வழி இருத்தல் நன்று. ஓர் இணைப்பு அறுந்தால் உதவ மற்றோர் இணைப்பும், மின்சாரம் தடைப்பட்டால் உதவ மின்னாக்கியும் வேண்டும். எந்திர இரைச்சலில் பேச்சு அமிழாதவாறு, பேசுவோரின் சட்டையில் ஒலிவாங்கியைப் பொருத்துதல் வேண்டும்.

இவற்றினும் இன்றியமையாதது ஒளியமைப்பு. விளக்கொளி பிழைபடின் துணியின் சாயம் திரையில் வேறு நிறமாகத் தோன்றும். வாங்குவோர் கண்டது ஒன்று, பெற்றது வேறொன்று என்றாகுமாயின், பல்லாயிரம் தொழிலாளர் உழைப்பால் ஈட்டிய நற்பெயர் கெடும். ஆதலின், துணியையும் திரையையும் ஒப்புநோக்கி, முதல்நாளே ஒத்திகை பார்த்தல் அறிவுடையோர் செயலாகும்.