விரல் நோகாமல் தட்ட ஒரு விசைப்பலகை!

செருப்பு வாங்கப் போகிறவர் அதைக் காலில் மாட்டி நாலடி நடந்து பார்க்காமல் பணத்தை நீட்டுவதில்லை. வேட்டி எடுக்கப் போனால் விரித்துப் பார்க்கிறோம். கரையைத் தடவிப் பார்க்கிறோம். வெண்டைக்காய்க்குக்கூட ஒரு பரீட்சை உண்டு; நுனியை ஒடித்துப் பார்த்துத்தான் கூடையில் போடுகிறோம். ஆனால், நாள் முழுவதும் பத்து விரல்களும் பழகுகிற கம்ப்யூட்டர் விசைப்பலகையை மட்டும், "ஏதாவது ஒன்று கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி, அட்டைப் பெட்டியைப் பிரிக்காமலே வீட்டுக்கு எடுத்து வந்து விடுகிறோம்!

வாரத்துக்கு நாலு கடிதம் அடிக்கிறவருக்கு இதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. தட்டுவதையே ஜீவனமாகக் கொண்டவர்கள் கதை வேறு.

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் போனால், வக்கீல்களுக்கு மனுவும் பிரமாண வாக்குமூலமும் அடித்துக் கொடுக்கும் சின்னஞ்சிறு கடைகளைக் காணலாம். ஊருக்கு ஊர் கோர்ட்டு வாசலிலும் பத்திரப் பதிவு ஆபீஸ் வாசலிலும் இப்படிப்பட்ட கடைகள் உண்டு. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. அப்படி ஒரு கடையில் ஓர் அம்மாள் இருபது வருஷமாக வேலை செய்கிறார் என்று வைத்துக் கொள்வோம். டைப்பில் லோயர், ஹையர் இரண்டும் தேறியவர். பெண்ணின் காலேஜ் சம்பளம் அவர் விரல் நுனியில் இருக்கிறது. சில மாதங்களாக மாலை நாலு மணிக்கு மேல் வலது மணிக்கட்டில் ஒரு குடைச்சல். இரவில் விரல் மரத்துப் போகிறது. கையை உதறிக்கொண்டு எழுந்து உட்காருகிறார். அவருக்குப் புதிய விசைப்பலகை வாங்குவது சொகுசுக் காரியம் அல்லவே!

கொஞ்சம் கணக்கு

ஹையர் பரீட்சை தேற நிமிஷத்துக்கு 45 சொல் அடிக்க வேண்டும். சொல்லுக்கு 5 தட்டு என்பது டைப் வாத்தியார்கள் கணக்கு. ஆக, நிமிஷத்துக்கு 225 தட்டு, மணிக்கு 13,500. ஒரு நாளில் நாலு மணி நேரம் விரல் ஓடினால் 54,000 தட்டு!

கடையில் விற்கும் விசைகளில் மெதுவானது 45 கிராம் பாரத்தில் இறங்கும். கொஞ்சம் விறைப்பானதற்கு 60 கிராம் வேண்டும். வித்தியாசம் 15 கிராம்தானே என்று தோன்றும். 54,000 தடவைக்கு அதைப் பெருக்கினால் 810 கிலோ! இது ஒரு நாள் கணக்கு. மாலையில் ஏன் கை ஓய்ந்து போகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

மணிக்கட்டின் உள்பக்கத்தில் எலும்புகளுக்கும் ஒரு தசைநார்ப் பட்டைக்கும் நடுவே குறுகலான வழி ஒன்று இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். மாட்டு வண்டிகள் நிறைந்த சந்தில் சைக்கிள்காரன் அகப்பட்ட கதைதான்! வழி இன்னும் குறுகினால் நரம்பு நசுங்குகிறது. கட்டை விரல், சுட்டு விரல், நடு விரல், மோதிர விரலில் பாதி மரத்துப் போகும். சுண்டு விரலுக்கு ஒன்றும் நேராது. விசைப்பலகைதான் இதற்குக் காரணம் என்று டாக்டர்கள் ஒரே குரலில் சொல்வதில்லை. நீரிழிவு, தைராய்டு கோளாறு, கர்ப்ப காலம் இவற்றாலும் இது வருவதுண்டு. ஆகவே, இரவில் விரல் மரத்துப் போகிறவர்கள் முதலில் போக வேண்டிய இடம் டாக்டர் வீடு. கம்ப்யூட்டர் கடை அதற்கு அப்புறம்.

எழுத்து வேலை செய்கிறவர்களின் கை நோவு புதிதும் அல்ல. இத்தாலியில் ரமாஸ்ஸினி என்ற வைத்தியர், தொழிலாளர் நோய்களைப் பற்றிய தம் புத்தகத்தின் 1713-ம் வருஷப் பதிப்பில் குமாஸ்தாக்களைப் பற்றியும் எழுதினார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே போக்கில் அசைத்துக் கொண்டிருப்பது, தப்பு வந்துவிடுமோ என்ற மனக் கவலை - இந்த மூன்றையும் காரணமாகச் சொன்னார். முந்நூறு வருஷத்துக்கு முன்பு இறகுப் பேனாவைப் பார்த்துச் சொன்னது! கோர்ட்டு வாசல் கடைகளுக்கு இன்றும் ஓர் எழுத்துத் தவறாமல் பொருந்துகிறது.

கோணல் எங்கிருந்து வந்தது?

விசைப்பலகையைக் கூர்ந்து பாருங்கள். மேல் வரிசைக்கு நேர் கீழே அடுத்த வரிசை இல்லை. கொஞ்சம் ஒதுங்கி, சாய்வாக இருக்கிறது. ஏன்?

அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர் கிறிஸ்டபர் லாதம் ஷோல்ஸ். அவரும் நண்பர்களும் செய்த தட்டெழுத்து யந்திரத்துக்கு 1868-ல் காப்புரிமை கிடைத்தது. பிறகு துப்பாக்கி செய்து கொண்டிருந்த ரெமிங்டன் கம்பெனி அதை வாங்கி, 1874-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அந்த யந்திரத்தில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு நெம்புகோல் உண்டு. கோல்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் போவதற்காக வரிசைகளை ஒதுக்கி வைத்தார்கள். இன்றைய கம்ப்யூட்டரில் நெம்புகோலும் இல்லை, இடிக்க ஒன்றும் இல்லை. கோணல் மட்டும் நின்று விட்டது! மாமியார் சொன்ன சாஸ்திரம் மாதிரி, காரணம் போன பிறகும் காரியம் நடக்கிறது.

பழைய டைப் யந்திரம் கைக்கு நல்லது என்று சிலர் சொல்லுவார்கள். நாலு கார்பன் வைத்து அடித்தவர்களைக் கேட்டால் உண்மை தெரியும்! ஆனால், அதில் ஒரு நன்மை இருந்தது. வரிக்கு ஒரு தரம் கையை எடுத்து உருளையைத் தள்ள வேண்டும். பக்கத்துக்கு ஒரு தரம் காகிதம் மாற்ற வேண்டும். தப்பு விழுந்தால் ரப்பரைத் தேட வேண்டும். கைக்கு அதுவே ஓய்வு. கம்ப்யூட்டர் இந்த ஓய்வையெல்லாம் பறித்துக்கொண்டு விட்டது. எவ்வளவு விலை உயர்ந்த பலகை வாங்கினாலும் அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்கு ஈடாகாது.

ரிச்சி தெருவில்

சரி, கடைக்குப் போவோம். மவுண்ட் ரோடை ஒட்டிய ரிச்சி தெருவில் நுழைந்தால் விசைப்பலகைகள் விறகுக் கட்டு மாதிரி அடுக்கிக் கிடக்கின்றன.

"எதும்மா வேணும்? வயர் வெச்சதா, வயர் இல்லாததா?"

கடைக்காரரின் முதல் கேள்வி இதுதான். இருந்த இடத்தில் இருந்து தட்டுகிறவருக்கு இது முக்கியமே அல்ல. அவர் கேட்க வேண்டியது, "விசைக்கு அடியில் என்ன இருக்கிறது?" என்பது.

சில நூறு ரூபாயில் கிடைப்பவை பெரும்பாலும் ரப்பர் ரகம். விசைகளுக்கு அடியில் ரப்பர் விரிப்பு. அதில் சிறு சிறு கும்மட்டங்கள். அமுக்கினால் கும்மட்டம் நசுங்கி மின்சாரத் தொடர்பு ஏற்படும். சத்தம் குறைவு, விலை குறைவு. ஆனால், எழுத்து விழ வேண்டுமென்றால் அநேகமாக அடிமட்டம் வரை அமுக்கியாக வேண்டும். நாளாக ஆக ரப்பர் ஒரு பக்கம் தொய்ந்து, ஒரு பக்கம் விறைக்கும். 'அ' ஒரு மாதிரி, 'க' ஒரு மாதிரி!

பல ஆயிரம் கொடுத்தால் மெக்கானிகல் ரகம். ஒவ்வொரு விசைக்கும் தனியாக ஒரு சுருள்வில். விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். பாதி வழி, அதாவது 2 மில்லிமீட்டர் போவதற்குள் எழுத்து விழுந்து விடும். ஆகவே, தரையில் மோத வேண்டியதில்லை. இந்த நாசூக்கு கைவந்தவருக்கு விரல் நோவு பாதி குறையும். கைவராமல் பழைய ரெமிங்டன் என்று நினைத்துக் குத்துகிறவருக்கு எந்த வில்லும் உதவாது.

இதில் நிறங்கள் வேறு! ஜெர்மனியின் செர்ரி கம்பெனி வைத்த நிறப் பெயர்களையே மற்றவர்களும் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். சிவப்பு, தடையில்லாமல் நேராக இறங்கும். பழுப்பு, நடுவில் ஒரு சிறு தடங்கல் காட்டி, 'எழுத்து விழுந்தது' என்று விரலுக்குச் சொல்லும். நீலம், அதையே 'டிக்' என்று ஊருக்கெல்லாம் சொல்லும். டைப் இன்ஸ்டிட்யூட்டில் பழகியவர்களுக்கு நீலம் பிடிக்கும். ஆனால், ஒரே அறையில் குழந்தை தூங்குகிற வீட்டுக்கு நீலத்தை வாங்கிப் போனால் விரல் நோவு தீர்ந்து தலை நோவு ஆரம்பிக்கும்! நம் அம்மாளுக்குப் பழுப்போ, சிவப்போ பொருத்தம்.

மடிக்கணினியில் இருப்பது போன்ற தட்டை விசைகளும் தனிப் பலகையாகக் கிடைக்கின்றன. ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர்தான் இறங்கும். லேசாகத் தட்டுகிறவர்களுக்கு சுகம். குத்துகிறவர்களுக்குச் சுவரில் முட்டிக்கொண்ட மாதிரி.

வலப் பக்க மூலை

அகலத்தைக் கவனிக்க வேண்டும். முழுப் பலகையின் வலது கோடியில் எண்களுக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. கணக்கு எழுதுகிறவருக்கு அது கை கொடுக்கும். மனு அடிக்கிறவருக்கு அநேகமாக வீண் இடம். வீண் இடம் மட்டுமல்ல. மௌஸை அது தொலைவில் தள்ளி விடுகிறது. ஒவ்வொரு தரமும் வலது கையை வீசி எட்ட வேண்டியிருக்கிறது. தோள்பட்டை வலிக்கிறது என்று தைலம் தடவுகிறவர்கள் பலர் இந்தக் கட்டத்தின் மேல் சந்தேகப்படுவதே இல்லை. எண் கட்டம் இல்லாத குட்டைப் பலகை இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. அதற்காக மிகச் சிறிதாகவும் போகக் கூடாது. விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்கு 19 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்; அதுதான் வழக்கமான அளவு. அது சுருங்கினால் பெரிய கைக்காரர்களுக்கு ஒரே தட்டில் இரண்டு எழுத்து விழும்.

நடுவில் பிளந்து, இரண்டு கைக்கும் தனித்தனியாக ஒதுக்கிய பலகையும் உண்டு. நேர்ப் பலகையில் மணிக்கட்டுகள் சுண்டு விரல் பக்கமாக வளைகின்றன. பிளந்ததில் நேராக நிற்கின்றன. யோசனை புதிதல்ல, 1920-களிலேயே ஜெர்மனியில் கிளாக்கன்பெர்க் என்பவர் சொன்னார். மைக்ரோசாப்ட் 1994-ல் இந்த மாதிரிப் பலகையை விற்பனைக்கு விட்ட பிறகுதான் பொது ஜனங்கள் கண்ணில் பட்டது. பார்க்க விநோதமாக இருக்கும்; பழக சில வாரம் ஆகும். முறைப்படி பத்து விரலால் கற்றவர்களுக்கு சுலபம். இரண்டு விரலால் தேடித் தேடி அடிக்கும் பேர்வழிகளுக்கு நடு வழியில் பாலம் இடிந்த மாதிரி இருக்கும்.

தமிழ் அடிக்கிறவர்களுக்கு

வக்கீல் குமாஸ்தா கொண்டு வரும் காகிதத்தில் பாதி தமிழ். அதற்குப் பலகையைவிட முக்கியம், எழுத்துகள் அதில் எப்படி அமர்ந்திருக்கின்றன என்பது. பழைய டைப் முறையில் 'கொ' அடிக்க, கொம்பு, 'க', கால் என்று மூன்று தட்டு. 1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ் 99' முறையில் 'க', 'ஒ' - இரண்டே தட்டு. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஒரு புள்ளி ஆக 31 விசைகளில் தமிழ் முழுவதும் அடங்கி விடுகிறது. உயிர் எழுத்துகள் எல்லாம் இடது கையில். மெய்கள் பெரும்பாலும் வலது கையில். வேலை இரண்டு கைக்கும் மாறி மாறிப் போகிறது. 'அக்கா' அடிக்கப் புள்ளியைத் தேட வேண்டாம். 'க' இரண்டு தரம் வந்தால் புள்ளி தானாக விழும்.

கூடுதல் பணம் கொடுத்து வில் வாங்குவதற்கு முன்பு, இந்தச் செலவில்லாத சௌகரியத்தை யோசிக்கலாம். பழைய முறையில் இருபது வருஷம் ஊறிய கைக்கு மாறுவது கஷ்டம்தான். அந்த அம்மாளை மாறச் சொல்வது நியாயமா என்பதும் ஒரு கேள்வி. தினம் வாங்குகிற கூலி வேகத்தைப் பொறுத்தது. பழகும் வரை அந்த இழப்பை யார் ஈடு செய்வது? புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தயக்கம் தேவையில்லை.

கண்ணை மூடித் தட்டுங்கள்

கடையில் பரீட்சை செய்வது எப்படி? முதலில் பெட்டியைப் பிரிக்கச் சொல்ல வேண்டும். முணுமுணுத்தாலும் நல்ல கடைக்காரர் பிரித்துக் கொடுப்பார். பலகையை மேஜைமேல் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கை ஏறக்குறைய நேர் கோணத்தில் மடியும்படி வைத்துக் கொள்ளுங்கள். நின்றபடியே நாலு தட்டுத் தட்டிப் பார்ப்பது பரீட்சை ஆகாது. இரண்டு சுட்டு விரல்களுக்கும் உரிய விசைகளில் சிறு மேடு இருக்கும். ஆங்கிலத்தில் எஃப், ஜே. தமிழ் 99-ல் புள்ளியும் 'ப'வும். கண்ணை மூடிக்கொண்டு அந்த மேட்டை விரல் கண்டுபிடிக்கிறதா? பிறகு மனப்பாடமாகத் தெரிந்த ஏதாவது ஒன்றைப் பத்து நிமிஷம் அடியுங்கள். இடைவெளிப் பட்டையை நடுவில் மட்டுமின்றி இரண்டு ஓரத்திலும் தட்டிப் பாருங்கள். மலிவான பலகைகளின் குட்டு அங்கேதான் வெளிப்படும். ஓரத்தில் தட்டினால் பட்டை சாய்ந்து கொள்ளும்!

வாங்கி வந்ததும் எல்லோரும் முதலில் செய்கிற காரியம், பின்புறம் உள்ள இரண்டு குட்டிக் கால்களை நிமிர்த்துவது. வேண்டாம். பின்புறம் உயர்ந்தால் மணிக்கட்டு மேல் நோக்கி மடங்குகிறது. வலியே அங்கிருந்துதான் தொடங்குகிறது. கால்களை மடக்கியே வையுங்கள். பலகைக்கு முன்னால் மெத்தைப் பட்டை வைத்தால், அது தட்டாத நேரத்தில் உள்ளங்கையின் அடியைச் சாய்ப்பதற்கு. அதில் மணிக்கட்டை அழுத்திக்கொண்டே தட்டினால் அந்தச் சந்து இன்னும் நெருக்கடியாகும். மேஜை உயரமாக இருந்தால் நாற்காலியை உயர்த்தி, காலுக்கடியில் ஒரு மணைப்பலகை போடலாம். கோர்ட்டு வாசல் கடையில் மேஜையை மாற்றச் சொல்லி யாரிடம் கேட்பது? மணைப்பலகை வீட்டிலேயே இருக்கிறது.

புதுப் பலகையில் முதல் வாரம் வேகம் குறையும், பிழை கூடும். அதனால் கோர்ட்டு திறக்கும் வாரத்தில் மாற்ற வேண்டாம். கோடை விடுமுறையில் மாற்றுவது உத்தமம். ரசீதையும் பெட்டியையும் பத்து நாள் வரை எறியாமல் வைத்திருக்க வேண்டும். பழைய பலகையைத் துடைத்து, மேஜை டிராயரில் போட்டு வைத்தால், அவசர மனுவோடு வக்கீல் வந்து நிற்கிற அன்றைக்குக் கை கொடுக்கும்.