70 மார்க் வாங்கிய கேமை வாங்கலாமா?

ஆனந்த விகடன் படங்களுக்கு மார்க் போட்டதைப் பார்த்து வளர்ந்தவருக்கு 42 என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். சுமார் ரகம், ஒருமுறை பார்க்கலாம். ‘16 வயதினிலே’ வாங்கிய 62.5 மார்க்கை இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். அதே பழக்கத்தோடு கம்ப்யூட்டர் கேம் விமர்சனங்களைப் படித்தால் கணக்கு உதைக்கும். அங்கே 70 வாங்கியதுதான் சுமார் ரகம். 60 என்றால் பணத்தை எடுக்கும் முன் நன்றாக யோசிக்க வேண்டும். 50-க்குக் கீழே போகிறவை பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுகிற, ஓட்டை உடைசல் நிறைந்த கேம்கள்.

பல பத்திரிகைகளின் மார்க்கைத் திரட்டிச் சராசரி சொல்லும் மெட்டாகிரிட்டிக் தளம் 2001 முதல் இயங்குகிறது. அதில் ஒரு சினிமா 61 எடுத்தாலே பச்சை நிறம் கிடைத்துவிடும். கேமுக்குப் பச்சை வேண்டுமென்றால் 75 எடுக்க வேண்டும். 50 முதல் 74 வரை மஞ்சள். கேம் விமர்சகர்கள் தாராளமாக மார்க் போடுகிறவர்கள் என்று அந்தத் தளமே முடிவுகட்டி, கோட்டை மேலே தூக்கி வைத்திருப்பதாகத்தான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இந்தத் தாராளம் எங்கிருந்து வந்தது? படுமோசமான கேம்களைப் பெரிய பத்திரிகைகள் கையில் எடுப்பதே இல்லை என்பது ஒரு காரணம். அமெரிக்கப் பள்ளிக்கூடப் பழக்கம் இன்னொன்று. நமக்கு 35 எடுத்தால் பாஸ். அங்கே 70 என்பதே சுமாரான மாணவனின் மார்க். மூன்றாவது காரணம் விளம்பரப் பணம். 2007-இல் ‘கேன் அண்ட் லிஞ்ச்: டெட் மென்’ என்ற கேமுக்கு கேம்ஸ்பாட் தளத்தின் ஆசிரியர் ஜெஃப் கெர்ஸ்ட்மன் 10-க்கு 6 கொடுத்தார். அப்போது அந்தத் தளத்தில் அதே கேமின் விளம்பரம் பெரிதாக ஓடிக்கொண்டிருந்தது. சில வாரங்களில் அவருக்கு வேலை போனது. விளம்பரதாரர் தந்த நெருக்கடி பற்றி அவரால் வெளிப்படையாகப் பேச முடிந்தது 2012-இல்தான். இத்தனைக்கும் அவர் கேமைக் குப்பை என்று சொல்லவில்லை, சுமார் என்றுதான் சொன்னார். மார்க் கேம் செய்தவர்களின் பையையும் தொடுகிறது. 2010-இல் வந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ மெட்டாகிரிட்டிக்கில் 85 எடுத்தால் போனஸ் என்று ஒப்பந்தம். அது எடுத்தது 84. ஒரு மார்க்கில் அதைச் செய்த அப்சிடியன் ஸ்டூடியோவுக்குப் போனஸ் கைநழுவியது.

ஆகவே எண்ணை ஓரமாக வைத்துவிட்டு எழுத்தைப் படிக்க வேண்டும். எப்படிப் படிப்பது என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு: புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் செய்து 2020-இல் வெளியான ‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’. திருவிழாவில் வித்தை காட்டும் ராஜி என்ற பெண், அசுரர்கள் தூக்கிப்போன தன் தம்பி கோலுவைத் தேடிப் போகிறாள். துர்க்கையும் விஷ்ணுவும் மேலிருந்து பேசிக்கொண்டே கதையை நடத்துகிறார்கள். ராஜஸ்தான் கோட்டைகளைப் போன்ற மண்டபங்கள், சுவரோவியங்கள், பாவைக்கூத்து பாணியில் கதைக் காட்சிகள். பார்த்தவுடனே மனதைப் பறிக்கும் கேம். அந்த ஆண்டின் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிறந்த முதல் கேமுக்கான பட்டியலிலும் இடம்பிடித்தது. ஆனாலும் விமர்சகர்களின் மார்க் சராசரி 70-ஐ ஒட்டியே நின்றது.

கட்டடத்தின் பிரம்மாண்டத்தைக் காட்டக் கேமரா தூரமாக விலகி நிற்கிறது. ஆடுபவர் அதைத் திருப்ப முடியாது. வேடிக்கை பார்க்கும்போது அழகாக இருக்கும் அதே கோணம், நாலைந்து அசுரர்கள் சூழ்ந்துகொண்டு ராஜி திரிசூலத்தைச் சுழற்றும்போது தொல்லையாகிவிடுகிறது. அடி எங்கிருந்து வருகிறது என்று தெரிவதில்லை. ஒரே மாதிரிச் சண்டை திரும்பத் திரும்ப வருகிறது. ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் கதை, முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் சட்டென்று அறுந்து நிற்கிறது. நல்ல விமர்சனங்கள் இவ்வளவையும் சொல்லின. மற்றவை ‘இந்தியப் புராணத்தில் ஒரு கேம்’ என்ற புதுமையைக் கொண்டாடிவிட்டு, சண்டையைப் பற்றி இரண்டு வரி முணுமுணுத்துவிட்டு 7 போட்டன. இரண்டு விமர்சனமும் 7 என்றே முடியலாம். முதல் வகையைப் படித்தவருக்குத்தான் தான் எதை வாங்குகிறோம் என்பது தெரியும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்தில் இதை விளக்குவது சுலபம். டேனரியில் தோல்களைத் தரம் பிரிக்கும் மேஜை அருகே நின்று பாருங்கள். முதல் தரத் தோலைக் கை வைத்ததுமே தள்ளி வைத்துவிடுவார்கள். கழிவுத் தோலுக்கும் அதிக நேரம் ஆகாது. நடுத்தரத் தோலைத்தான் வெளிச்சத்தில் விரித்து, திருப்பிப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு முடிவு செய்வார்கள். உண்ணி கடித்த தடமா, முள்கம்பிக் கீறலா, உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டா? அதைவிட முக்கியம், அது எந்த இடத்தில் இருக்கிறது என்பது. ஓரத்தில் இருந்தால் கட்டிங்கில் ஒதுக்கிவிடலாம். முதுகுப் பகுதியின் நடுவில் இருந்தால் ஷூவின் முன்பக்கத்துக்கு அந்தத் தோல் ஆகாது. மேலாகத் தேய்த்து, கனமாக நிறப்பூச்சு அடித்துத் தழும்பை மறைப்பதும் உண்டு. கேமில் அந்தப் பூச்சு வேலையைச் செய்வது பளபளக்கும் கிராஃபிக்ஸ். குறையின் பெயரையும் அது இருக்கும் இடத்தையும் சொல்லாத விமர்சனத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

குறை இருக்கும் இடம் எவ்வளவு முக்கியம் என்பதை ‘வெண்பா’ காட்டுகிறது. டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட கேம். எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம். அம்மா வெண்பா இட்லி, புட்டு என்று சமைக்கச் சமைக்கக் கதை நகரும். ‘ராஜி’யை விடச் சிறியது, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நீளம் போதவில்லை என்று பல விமர்சனங்கள் குறைப்பட்டன. இருந்தும் மார்க் குறையவில்லை, 2024-இல் சிறந்த முதல் கேமுக்கான பாஃப்டா விருதும் கிடைத்தது. ஒரு குடும்பத்தின் கதை முழுதாகச் சொல்லப்பட்டு முடிவதால் அங்கே சுருக்கம் உறுத்தவில்லை. ‘ராஜி’யில் கதை அறுந்துபோவதால் அதே சுருக்கம் உறுத்துகிறது.

‘நம்ம ஊர்க்காரர்கள் செய்தது’ என்பதற்காக விமர்சனத்தில் சலுகை கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஷூ கம்பெனிச் சம்பளத்தில் ஓடும் வீட்டில் பிள்ளை ஒரு கேம் கேட்கிறது என்றால், அந்தப் பணம் வேறு ஏதோ ஒரு செலவைத் தள்ளிவைத்து வருவது. சலுகை மார்க்கின் விலையைக் கொடுப்பது அந்த வீடுதான். கேம் செய்தவர்களுக்கும் அதனால் பயனில்லை. ‘ராஜி’யைச் செய்தவர்கள் 2022-இல் திருத்திய பதிப்பு கொண்டுவந்தார்கள்; சண்டையைச் செப்பனிட்டு, இந்திக் குரலும் சேர்த்தார்கள். எதைச் செப்பனிடுவது என்பதைச் சலுகை விமர்சனம் அவர்களுக்குச் சொல்லியிருக்காது.

ஆடுபவர்கள் போடும் நட்சத்திரங்களில் வேறொரு சிக்கல் இருக்கிறது. 2020 செப்டம்பரில் இந்தியாவில் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டதும், பெங்களூரின் என்கோர் கேம்ஸ் ‘ஃபௌஜி’யை அறிவித்தது. 2021 ஜனவரி 26-இல் வெளியானது. இந்திய-சீன எல்லையில் உள்ள கல்வான் பள்ளத்தாக்கில் நடக்கும் கதை, துப்பாக்கி இல்லாத கைகலப்பு. பப்ஜி போல நூறு பேர் மோதும் களத்தை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்து ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். நாட்டுப்பற்றில் ஐந்து போட்டவர்களும் ஏராளம். சில நாட்களில் சராசரி 3-ஐ ஒட்டி இறங்கியது. அந்த 3, ‘சுமாரான கேம்’ என்று யோசித்து யாரோ கொடுத்த 3 இல்லை. ஐந்தும் ஒன்றும் சேர்ந்து வந்த கூட்டல் கணக்கு. கைகலப்பு அலுப்பாக இருக்கிறதா, எத்தனை வகை எதிரிகள் வருகிறார்கள் என்பதற்கு அதில் பதில் இல்லை. இப்படிப்பட்ட இடங்களில் மூன்று நட்சத்திரம் போட்டவர்களின் எழுத்தை மட்டும் தேடிப் படியுங்கள். பாராட்ட ஒன்றும் குறை சொல்ல ஒன்றும் அவர்களிடம்தான் இருக்கும்.

விமர்சகர் எந்த மெஷினில் ஆடினார் என்பதையும் கவனிக்க வேண்டும். 2020 டிசம்பரில் ‘சைபர்பங்க் 2077’ வெளியாகும் முன் விமர்சகர்கள் கைக்குப் போனது கம்ப்யூட்டர் பதிப்பு மட்டும். மார்க் கொட்டியது. பிளேஸ்டேஷன் 4-இல் வாங்கியவர்களுக்குக் கேம் தடுக்கித் தடுக்கி ஓடியது. வெளியான சில நாட்களிலேயே சோனி தன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டது. வேலூர் காலேஜ் ஹாஸ்டலில் பழைய லேப்டாப்பை வைத்திருக்கும் மாணவருக்கு விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டில் ஆடியவரின் 90 உதவாது. தன்னுடையதைப் போன்ற லேப்டாப்பில் ஆடிப் பார்த்தவரின் நாலு வரி போதும்.

ஸ்டீம் கடையில் வாங்குகிறவர்களுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. வாங்கி 14 நாட்களுக்குள், மொத்தம் 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தைத் தொடக்கக் காட்சிகளிலும் செட்டிங்ஸிலும் கரைத்துவிடாமல், முதல் பெரிய சண்டை வரை போய்ப் பாருங்கள். ஆனால் எல்லாக் குறையும் அதற்குள் தெரிந்துவிடாது. மூன்றாவது மணி நேரத்தில் சலிக்கத் தொடங்கும் கேமுக்குப் பணம் திரும்பாது. ஸ்டீமில் ஒவ்வொரு விமர்சனத்தோடும் எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பது பதிவாகியிருக்கும். வாங்கும் முன்பே அந்த எண்ணைப் பார்த்து, கேமை முடித்துவிட்டு எழுதியவர்களில் ‘பரிந்துரைக்கவில்லை’ என்று சொன்ன நான்கைந்து பேரை முழுதாகப் படித்துவிடுங்கள்.